எடுத்து வச்சதுக்கு ஒரு பட்டன்

"ஐந்தே நிமிடத்தில் உங்கள் ஆன்லைன் கடை தயார்" என்று அந்த டெம்ப்ளேட்டின் முதல் வரியில் எழுதி வைத்திருந்தான் ஒரு புண்ணியவான். எந்த நாட்டுக்காரனோ, யார் பெற்ற பிள்ளையோ, தெரியாது. என் கையில் மட்டும் அகப்பட்டிருந்தால் மேனாம்பேட்டுக்கு இழுத்து வந்து, அக்காவின் கடை முன்னால் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் இறக்கி, "எங்கே, இங்கே நின்னு கட்டு பார்ப்போம்" என்று சொல்லியிருப்பேன். ஓசியில் கொடுத்தவனைத் திட்டுவது பாவம்தான். ஆனாலும் திட்டினேன். அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு வேறு வேலையே இல்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்த அக்கா இல்லை. மேனாம்பேட்டில் சின்னதாக ஒரு புடவைக் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா அம்மா ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயல்களில் ஒன்றின் மேல்தான் அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடி நிற்கிறது என்பது அக்காவின் கட்சி. "எங்கம்மா சேத்துல நின்ன எடத்துல நீ ஏசி போட்டுகினு கீற" என்பார் சிரித்துக்கொண்டே. அக்கா பல வருடம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காலர் தைத்தார். பிறகு அதை விட்டுவிட்டு, சொந்த வீட்டின் முன்பக்க அறையில் கடை போட்டார். அவர் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. இங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் வெப்சைட் கட்டுகிற வேலையில் இருந்தேன். ஒரு நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு தப்போ என்று திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். அப்புறம்தான் போனில் மெயில் வந்தது, இதுவரையிலான உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்று. என் வீட்டுக்காரர், "விடு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரெஸ்ட் எடுக்க எனக்கென்ன ஆபரேஷனா நடந்தது?

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அக்கா கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். வாங்குவதற்கு இல்லை. புதிதாகப் பிரித்த பண்டலில் எதையாவது தடவிப் பார்த்துக்கொண்டே, இன்டர்வியூவில் என்னை எப்படியெல்லாம் கழித்துக் கட்டினார்கள் என்று புலம்புவேன். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் கடைசியில் ஒன்றைத்தான் கேட்டார்கள். "நீங்க தனியா, முழுசா கட்டின சைட் ஏதாவது இருந்தா காட்டுங்க." ஒரு கூட்டமே சேர்ந்து கட்டுகிற இடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவள் தனியாக எதைக் காட்டுவது?

அந்தச் சமயத்தில்தான் தெருவைத் தோண்டினார்கள். மழைநீர் வடிகாலாம். கடை வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம், அதன் குறுக்கே ஒரு சென்ட்ரிங் பலகை. அந்தப் பலகையில் நடந்து வரத் துணிந்தவர்கள் மட்டும்தான் வாடிக்கையாளர்கள். ஆடி வியாபாரம் அப்படியே அடிபட்டுப் போனது. அக்காவின் வீட்டுக்காரர் ஒரு நாள் பலகையைத் தாண்டி வந்து என் எதிரிலேயே சொல்லிவிட்டார்.

"தோ பாரு, தீபாவளி வரைக்கும் பாப்பேன். ஓடலேன்னா கடைய பிரியாணிக்காரனுக்கு உட்டுடுவேன். அவன் கேட்டுகினே கீறான். பள்ளத்த தாண்டி வந்து துன்றதுக்கு ஆளு கீது. பொடவைக்கு எவ தாண்டுவா?"

அக்கா மடித்து வைத்த புடவையையே பிரித்து மறுபடி மடித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "யாரும் தாண்டவே வேண்டாம்ண்ணே. நான் ஆன்லைன்ல கடை கட்டித் தர்றேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

மாத வாடகைக்குக் கிடைக்கிற ரெடிமேட் ஆன்லைன் கடை ஒன்றை எடுத்து அக்காவின் பெயரை ஒட்டியிருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். ஆனால் அது மெதுவாகத் திறக்கும். அக்காவிடம் வாங்குகிறவர்கள் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் சிக்னல் விட்டு விட்டு வருகிற போனில் பார்க்கிறவர்கள். திரையில் சக்கரம் சுற்றினால் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஹெட்லெஸ் முறையில் கட்டுவது என்று முடிவு செய்தேன். சரக்கும் ஆர்டரும் ஓர் இடத்தில் இருக்கும். ஜனங்கள் பார்க்கிற முகப்பு மட்டும் தனியாக வேறு இடத்தில் இருக்கும். முகப்பை நம் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளலாம், தொட்டவுடன் திறக்கும். அதற்கான ஓப்பன் சோர்ஸ் டெம்ப்ளேட், அதாவது யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய அச்சு, இலவசமாகவே கிடைக்கிறது. இன்டர்வியூவில் காட்டினால் கெத்தாக இருக்கும் என்பதும் மனசுக்குள் ஓடியது. ஓடாதா பின்னே?

அக்காவிடம் விளக்கும்போது அவசரத்தில், "அதாவதுக்கா, தலை தனி, உடம்பு தனி" என்று சொல்லித் தொலைத்தேன்.

"இன்னாது, தலையில்லாத கடையா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா பேச்சும்மா இது! தூ தூன்னு துப்பு மொதல்ல."

வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

டெம்ப்ளேட்டை இறக்கினேன். ஓடவில்லை. சிவப்பு எழுத்தில் பக்கம் பக்கமாக என்னைத் திட்டியது. அதில் ஒரு பாகம் புது வெர்ஷன் இருந்தால்தான் ஓடுவேன் என்றது. இன்னொரு பாகம் பழையது இல்லாவிட்டால் நகரமாட்டேன் என்றது. கல்யாண வீட்டில் சம்பந்திகள் முறைத்துக்கொண்டு நிற்பது போல இரண்டும் நின்றன, நடுவில் நான். இதே சிக்கலை ஒருவன் ஒரு மன்றத்தில் கேட்டிருந்தான். ஆகா, கிடைத்தது என்று ஆசையாகக் கீழே போனால், "சரியாகிவிட்டது, நன்றி" என்று அவனே எழுதியிருக்கிறான். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை! அவன் நன்றாக இருப்பானா? என் சாபம் எந்தக் கண்டத்தில் போய் விழுந்ததோ.

எப்படியோ ஓட வைத்தேன். விலையை டாலரில் காட்டியது. ரூபாய்க்கு மாற்றினேன். புடவைப் பக்கத்துக்குப் போனால் ஸ்மாலா, மீடியமா, எக்ஸெல்லா என்று கேட்டது. சட்டையும் தொப்பியும் விற்பதற்காகச் செய்த டெம்ப்ளேட் அது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த அக்கா, "யாரும்மா இவன், பொடவைக்கு சைசு கேக்கறான்?" என்றார். அந்த சைஸ் பெட்டியைப் பிடுங்கினேன். பிடுங்கிய இடத்தில் ‘வாங்கு’ பட்டனும் சேர்ந்து காணாமல் போனது. அதைத் தேடிப் பிடித்து வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "பேஜாரு புடிச்ச வேலைம்மா உன்னுது" என்று அக்கா ஒரு டீயை என் பக்கம் நகர்த்தினார்.

போட்டோ எடுத்த அன்றுதான் எங்களுக்குள் முதல் சண்டை. அக்கா கடையில் எல்லாம் ஒற்றைப் பீஸ். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. எதிரே வருகிறவள் அதே புடவையில் வரமாட்டாள் என்பதுதான் கடையின் பெருமை. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்து, ஸ்டாக் ஒன்று என்று போட வேண்டும். அலமாரியை முடித்துவிட்டுக் குனிந்தால் மேஜைக்குக் கீழே ஒரு தட்டு நிறையப் புடவைகள். கடையிலேயே கண்ணுக்கு அழகான சரக்கெல்லாம் அங்கேதான் இருந்தது.

"இதையெல்லாம் ஏன்க்கா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒளிச்சு வெக்கல. எடுத்து வச்சது. அது ஆளுக்கு சொல்லியாச்சு."

அந்தப் பக்கத்துக் கடைகளில் அது ஒரு வழக்கம். எஸ்டேட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூட ஆயாக்கள், எங்கள் அடுக்குமாடியின் டீச்சரம்மாக்கள் என்று யாராவது ஒரு புடவையைப் பார்த்து மயங்குவார்கள். கையில் காசு இருக்காது. "எடுத்து வைக்கா, போனஸ் வந்ததும் வாங்கிக்கிறேன்" என்பார்கள். முன்பணம் கிடையாது, சீட்டு கிடையாது, எங்கேயும் எழுதி வைப்பதும் கிடையாது. அக்கா மனசில் வைத்திருப்பார். ஒருத்திக்குச் சொன்ன புடவையை இன்னொருத்தி வந்து கெஞ்சினாலும் கொடுக்கமாட்டார்.

"அவங்க வராமலே போயிட்டா?"

"வருவாங்க."

"எப்போ?"

"வர்றப்ப."

இந்த ‘வர்றப்ப’வை எந்த மென்பொருளில் கொண்டுபோய்ப் போடுவது? வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, நல்ல சரக்கெல்லாம் மேஜைக்கடியில் தூங்குகிறது, தீபாவளி வந்துகொண்டிருக்கிறது, இந்த மனுஷி ‘வர்றப்ப’ என்கிறார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா உள்ளே சமையலைப் பார்க்கப் போன நேரத்தில் அந்தத் தட்டிலிருந்து ஒன்றை உருவிப் படம் எடுத்தேன். மயில்கழுத்து நிறம், மெல்லிசாக அரக்கு பார்டர். முகப்பில் பெரிதாகப் போட ஒரு படம் வேண்டியிருந்தது, அதைவிட நல்ல புடவை கடையில் இல்லை. வெறும் படம்தானே, விற்கவா போகிறோம் என்று நினைத்தேன். அந்தப் பாழாய்ப்போன டெம்ப்ளேட்டிலோ, முகப்பில் படம் வர வேண்டுமென்றால் அது விற்பனைப் பொருளாகவும் இருந்தே தீர வேண்டுமாம். சரி, போய்த் தொலை என்று போட்டேன். ஸ்டாக் ஒன்று.

கடை திறந்தது. பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒற்றைக் கோடு சிக்னலில் அக்கா தன் போனில் தொட்டார், விரலை எடுப்பதற்குள் புடவை வந்து நின்றது. வேகத்தைச் சோதிக்கிற கருவி நூற்றுக்கு நூறு என்று பச்சையாகக் காட்டியது. பத்தாம் வகுப்பில்கூட எனக்கு அப்படி மார்க் வந்ததில்லை. அக்கா என் கன்னத்தை வழித்து நெற்றியில் நெட்டி முறித்தார்.

முதல் ஆர்டர் நூம்பலிலிருந்து வந்தது. கறுப்புத் தொப்பி ஒன்று. டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரிப் பொருளை அழிக்காமல் விட்டிருக்கிறேன். "நம்ம கடையில தொப்பி எப்பம்மா வந்துச்சு?" என்று அக்கா அலமாரியை ஏறிட்டுப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, "பிரியாணி கடையில எவனும் தொப்பி கேக்கமாட்டான்" என்றார். அவரைப் பார்த்து முறைக்கத்தான் முடிந்தது.

அதன் பிறகு புடவைக்கும் ஆர்டர் வந்தது, கூடவே வினையும் வந்தது. அந்த வேகத்தின் ரகசியம் என்னவென்றால், டெம்ப்ளேட் பக்கங்களை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளும். காலையில் கிளறிய உப்புமாவை டிபன் பாக்ஸில் அடைத்து வைக்கிற மாதிரி. யார் கேட்டாலும் அதையே எடுத்து நீட்டும். நடுவில் கடையில் அந்தப் புடவை விற்றுப்போனால் அதற்குத் தெரியாது. அதற்கும் ஒரு வழி செய்திருந்தேன். கடையில் ஒன்று விற்றால் அக்கா தன் போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், பக்கம் புதிதாகிவிடும். அக்காவும் ஒழுங்காகத் தட்டினார், விற்றதற்கு மட்டும். எடுத்து வைத்ததற்குத் தட்டவில்லை.

"ஏன்க்கா தட்டல?"

"விக்கவே இல்லியேம்மா. இங்கதான கீது."

அலமாரியிலிருந்து மேஜைக்கடிக்குப் போன புடவைகளெல்லாம் சைட்டில் ஜம்மென்று விற்பனைக்கு நின்றன. யாரோ எங்கிருந்தோ பணம் கட்டுவார்கள். இங்கே கேட்டால் அது ஆளுக்குச் சொல்லியாச்சு. ஒவ்வொருவருக்கும் நான்தான் போன் போட்டுக் குழைந்தேன். பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஒரு தடவையாவது அக்கா விட்டுக்கொடுத்தாரா? இல்லவே இல்லை.

கடைசியில் மயில்கழுத்தும் விற்றது. ஆவடியில் ஓர் அம்மா பணம் கட்டிவிட்டு, தீபாவளிக்கு முன்னால் வந்துவிடுமா என்று போனும் செய்துவிட்டார். நான் அக்காவிடம் போய் நின்றேன்.

"இது ஒண்ணை மட்டும் குடுத்துருங்கக்கா. முகப்புல இருக்கிற படம். இதையே இல்லைன்னு சொன்னா கடை பேரே கெட்டுடும்."

"முடியாதும்மா. அத்த ஏன் நீ போட்டோ புடிச்ச?"

"குடுத்துதான் தொலையேன்" என்றார் வாசலில் நின்ற அவர் வீட்டுக்காரர்.

"முடியாதுன்னேன்ல."

"அப்படி யாருக்குதான்க்கா எடுத்து வச்சிருக்கீங்க?"

"ஒரு பொண்ணுக்கு."

"அவ வாங்கிக்கிறேன்னு சொன்னாளா?"

அக்கா சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! இத்தனை நாள் கண் எரிய உட்கார்ந்து கட்டியது, தொப்பிக்காரர் தொடங்கி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டது, என்னைக் கழித்துக் கட்டிய இன்டர்வியூக்காரர்கள் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்துவிட்டது. "கேக்காதவளுக்கு எடுத்து வைப்பீங்க, காசு கட்டினவளுக்கு இல்லைம்பீங்க. உங்களுக்கெல்லாம் கடை எதுக்குக்கா? பிரியாணிக்கே விட்டுருங்க" என்று கத்தினேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. நான் திரும்பிப் பார்க்காமல் பலகையில் விறுவிறு என்று நடந்தேன். நடுவில் ஒரு செருப்பு வழுக்கிப் பள்ளத்துச் சேற்றில் விழுந்தது. அதற்காக நின்றால் கோபத்துக்கு மரியாதை ஏது? ஒற்றைச் செருப்போடு ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆவடி அம்மாவிடம் புடவை இல்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பினேன். சைட்டின் கீழே ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘ஏமாத்து வேலை’ என்று எழுதிவிட்டார். சைட்டையே அழித்துவிடலாமா என்றிருந்தது. இரண்டொரு நாள் கழித்து, நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது.

"ஒத்த ஸ்டாரு போட்டேனே, நான்தாம்மா பேசறேன். கோவத்துல போட்டுட்டேன். அதுல வெங்காயத்தோல் கலர்ல ஒண்ணு கீதே, அத்த எடுத்து வெப்பீங்களா? எங்க ஊட்டுக்காரருக்கு போனஸ் வர்ற வரைக்கும்."

"ஆன்லைன்லயா? எடுத்து வைக்கிறதா?"

"இன்னாம்மா, கடைன்னா எடுத்து வெக்க மாட்டீங்களா?"

ஈரக் கையோடு நின்றேன். எல்லாரும் என்னை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், ஆவடி அம்மாவும் அக்காவும் ஒரே கட்சி. நானும் அந்த டெம்ப்ளேட்டும்தான் எதிர்க்கட்சி. எரிச்சல் எரிச்சலாக வந்தது. இருந்தாலும் அரிசியை ஊற வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்கா கடை வாசலில் என் செருப்பு கழுவிக் காய வைத்திருந்தது. "எடுத்து வச்சிக்கீறேன், போட்டுக்க" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். ஒரு காலில் பழைய செருப்பும் மறு காலில் புதுச் செருப்புமா போட்டுக்கொள்வது? அதன் ஜோடியைத்தான் நான் தூக்கிப் போட்டுவிட்டேனே. சொல்லவில்லை.

எடுத்து வைப்பதற்கு ஒரு பட்டன் போட வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! டெம்ப்ளேட்டுக்கு வாங்கு அல்லது போ, இரண்டுதான் தெரியும். நடுவில் ‘அப்பால வாங்கிக்கிறேன்’ என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. பாதியைப் பிய்த்தேன். முன்கூட்டியே தயார் செய்த பக்கங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு தடவையும் கடையைக் கேட்டுவிட்டுத் திறக்கும்படி மாற்றினேன். வேகம் விழுந்தது. அந்தப் பச்சை நூறு மஞ்சளாகி, மஞ்சள் இன்னும் கீழே போனது. நானே பெற்று நானே ஊனமாக்குகிறேனே என்று அழுகையே வந்துவிட்டது. பட்டனில் ‘எடுத்து வைங்க அக்கா’ என்று எழுதினேன். பெயரும் போன் நம்பரும் போதும். அக்கா தன் போனில் சரி என்று ஒரு தட்டு தட்டினால் அந்தப் புடவை வேறு யாருக்கும் கிடைக்காது.

தட்டினார்கள் ஐயா, தட்டினார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று கேட்டு வந்துகொண்டே இருந்தது. மேஜைக்கடித் தட்டு நிறைந்து, அக்காவின் கட்டிலுக்கடிக்குப் போனது. அலமாரி முக்கால்வாசி காலி. காசு மட்டும் வரவில்லை.

"பொடவ கீழ போயிகினே கீது, கல்லா அப்படியே கீது. இதுக்கு பேரு கடையா?" என்றார் வீட்டுக்காரர். தீபாவளி நெருங்குகிறது, மழை பெய்து பள்ளத்தில் முழங்கால் தண்ணீர், ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

"வருவாங்களாக்கா?"

"வருவாங்க."

எப்போ என்று நான் கேட்கவில்லை.

கம்பெனிகளில் போனஸ் போட்டதும் வந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் பலகையில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்தார்கள். ஆவடி அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, வெங்காயத்தோல் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்து, கூட வந்த தங்கச்சிக்கும் ஒன்று வாங்கினார். சைட்டைப் பார்த்து எடுத்து வைக்கச் சொன்னவர்கள், வந்த இடத்தில் அலமாரியில் மிச்சமிருந்ததையும் அள்ளினார்கள். வீட்டுக்காரர் எங்கிருந்தோ இன்னொரு பலகை கொண்டுவந்து போட்டு, "பாத்து வாம்மா, வழுக்கும்" என்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். பிரியாணிக்காரர் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"இல்ல மாமே. கடைய வேற ஆளுக்கு எடுத்து வச்சாச்சு."

எனக்கு அதே வாரம் ஓர் இன்டர்வியூ. சைட்டைக் காட்டினேன். எதிரில் இருந்தவர் உடனே வேகத்தைச் சோதித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது, பக்கங்களை ஏன் முன்கூட்டியே தயார் செய்யவில்லை என்றார். எடுத்து வைப்பதைப் பற்றிச் சொன்னேன். மேஜைக்கடித் தட்டைச் சொன்னேன். போனஸைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யூசர் பணம் கட்டாம நீங்க ஏன் ஸ்டாக்கை லாக் பண்றீங்க?" என்றார். மீண்டும் அழைக்கிறோம் என்றார். அவர் அழைக்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லேப்டாப்பை மூடிய வேகத்தில் அதன் மூலை விரிந்துவிட்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் அக்கா கடைக்குப் போனேன். அலமாரி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. குனிந்து மேஜைக்கடியில் பார்த்தேன். மயில்கழுத்து மட்டும் தனியாகக் கிடந்தது. போன இன்டர்வியூவின் கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதை அப்படியே அந்தப் புடவை மேல் காட்டினேன்.

"பாத்தீங்களா, எல்லாரும் வந்தாங்க. இவ மட்டும் வரல. அன்னைக்கே ஆவடியம்மாவுக்குக் குடுத்திருக்கலாம். அந்த ஒத்த ஸ்டாராவது விழாம இருந்திருக்கும்."

"அவளுக்கு வேல பூட்ச்சும்மா" என்றார் அக்கா, கல்லாவைத் துடைத்துக்கொண்டே. "கெடைக்கட்டும். மொத நாளு இத்த கட்டிகினு போவட்டும்னு எடுத்து வச்சிக்கீறேன்."

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன் நான், மரமண்டை.

அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"லூசு. பண்டல் பிரிச்ச அன்னிக்கு இத்த தடவிகினே குந்தினு அழுதியே, மறந்துட்டியா?"

அழுதேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. புலம்பினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் எடுத்து வைங்கன்னு சொல்லவே இல்லையேக்கா."

"நீ எங்க சொன்ன, எப்பப்பாத்தாலும் கத்திகினேதான கீற."

"எனக்கு வேலையே கிடைக்கலைன்னா?"

"கெடைக்கிறப்ப கட்டிக்க. அதுக்கின்னா, கெட்டா பூடும்?"

இன்னும் கிடைக்கவில்லை. புடவை இன்னும் மேஜைக்கடியில்தான் இருக்கிறது. சைட்டின் முகப்பில் அந்தப் படம் கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கிறது. பார்த்துவிட்டு யாராவது எனக்குப் போன் செய்கிறார்கள். இது கிடைக்குமா, கொஞ்சம் சேர்த்துக்கூடத் தருகிறோம் என்கிறார்கள்.

"இல்லைங்க" என்கிறேன். "அது ஆளுக்குச் சொல்லியாச்சு."